ராகு காலத்தில் வாங்கிய வண்டி

டிசம்பர் 1, திங்கள்

மளிகைக் கடைக்காரர் போன பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் இதன் தாளைக் கிழித்துத்தான் பருப்பு, வெல்லம், வாழையிலை என்று எழுதிக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். மிச்சமிருப்பது டிசம்பர் மட்டும். இன்றைக்கு யாரிடமாவது கத்த வேண்டும்போல இருக்கிறது. வீட்டில் ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

குப்பண்ணன் மாஸ்டரிடம் பத்துப் பன்னிரண்டு வருஷம் கல்யாணச் சமையல் செய்தேன். திருச்செங்கோட்டில் அவர் பெயரைச் சொல்லிச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் சாப்பிட்டது என் கைச் சாம்பாரை. வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்த அடுப்படிதான் எனக்குச் சோறு போட்டது என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன மாதம் சங்ககிரித் தறிக்காரர் ஒருவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். தை மாதம் மகள் கல்யாணம், மாஸ்டர் வேண்டாம், நீங்களே எடுத்துச் செய்யுங்கள் என்றார். யோசிக்காமல் சரி என்றேன். என் பெயரில் முதல் கல்யாணம்.

மாஸ்டர் சும்மா இருப்பாரா? வாடகைக்கு ஓடும் பிக்கப் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்துவிட்டார். இன்று ஸ்டாண்டில் ஒருத்தன் வண்டியில் ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கிறது, ஒருத்தனுக்கு மச்சான் வீட்டு விசேஷம். மாஸ்டரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"அண்டா, அடுப்பு, சிலிண்டர் எல்லாம் தலையில தூக்கிட்டுப் போவியா பூங்கோதை? தை பொறக்கறதுக்குள்ள நீயே வந்து வெங்காயம் உரிச்சுக் குடுப்ப பாரு," என்றார்.

அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வாங்கப்போகிறேன். ஓட்டத் தெரியும். மாஸ்டரின் டிரைவர்கள் குடித்துவிட்டுக் கிடந்த நாளெல்லாம் வண்டியை மண்டபத்துக்குக் கொண்டுபோனது நான்தான். லைசென்சும் இருக்கிறது. வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் பணத்தை இதுவரை தொட்டதில்லை. தொடப்போகிறேன். இதில் ஏமாந்தால் வெங்காயம்தான்.

டிசம்பர் 4, வியாழன்

என்னோடு மாஸ்டரை விட்டு வெளியே வந்தது பாப்பாத்தியக்கா ஒருத்திதான். அவள்தான் மெக்கானிக் அர்த்தநாரியிடம் கூட்டிப்போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெட். மனிதர் ஒரு வார்த்தை பேசினால் கையிலிருந்து ஏதோ குறைந்துவிடும் என்று நினைப்பவர். சட்டைப் பை பாதி கிழிந்து தொங்குகிறது, அதில் ஸ்குரூ டிரைவர் வேறு.

வேலூர் ரோட்டில் ஒரு வண்டி பார்த்தோம். நீலக் கலர், பளபளவென்று கண்ணாடிபோல. எனக்கு உடனே பிடித்துவிட்டது. அவர் இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து குப்குப்பென்று புகை வந்தது. மூடியைப் போட்டார்.

"பேக் கம்ப்ரஷன். வேண்டாமுங்க."

திரும்பி வரும் வழியில் நான் நச்சரித்ததால் விளக்கினார். உள்ளே ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டால், வண்டியை ஓட்ட வேண்டிய அழுத்தம் சந்து வழியாகக் கீழே கசிந்துவிடுமாம். சுமை ஏற்றினால் மேடு ஏறாது, ஆயில் குடிக்கும். எனக்குப் புரிந்தது. ரப்பர் போன குக்கர். கேஸ் போகும், விசில் வராது.

டிசம்பர் 6, சனி

இரண்டு வண்டி. முதல் வண்டியில் அர்த்தநாரி ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் அதிகமாக ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இரண்டாவது வண்டி ஸ்டார்ட் செய்ததும் கரும்புகை. உள்ளே யாரோ சுத்தியல் வைத்துத் தட்டுவதுபோல ஒரு சத்தம்.

வேண்டாமுங்க. வேண்டாமுங்க.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லையாம். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுப்பதற்குள் வயசு போய்விட்டதாம். நான் கேட்கவில்லை, பாப்பாத்தியக்காவாகச் சொன்னாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்றும் வேண்டாமுங்க. அவரோடு பேசாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

டிசம்பர் 10, புதன்

மாஸ்டர் வாடகைக்கு எடுக்கும் வண்டிகளும் அர்த்தநாரி ஷெட்டுக்குத்தான் போகின்றன என்று இன்றுதான் தெரிந்தது. அப்படியென்றால் இத்தனை வேண்டாமுங்கவும் யாருக்காக? கேட்டுவிடலாம் என்று ஷெட் வரைக்கும் போனேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. செருப்பில் வார் இல்லை, கம்பி கட்டியிருக்கிறார். கேட்காமல் திரும்பிவிட்டேன்.

இனி அவர் தேவையில்லை. எனக்குக் கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது. இன்னும் ஐந்தாறு நாளில் மார்கழி பிறக்கிறது. மார்கழியில் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

டிசம்பர் 11, வியாழன்

வண்டி வாங்கிவிட்டேன்! அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.

ஈரோடு ரோட்டில் ஜீவரத்தினம் என்று ஒரு புரோக்கர். பழைய வண்டிகள் நிறுத்தியிருக்கும் பெரிய யார்டு. பத்தரைக்கு நல்ல நேரம், அப்போதுதான் வர வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டார். பாப்பாத்தியக்காவும் நானும் போனபோது வெள்ளைப் பிக்கப் ஒன்று நெற்றியில் சந்தனப் பொட்டோடு, இன்ஜின் ஓடிக்கொண்டே, தயாராக நின்றது. சுற்றிலும் சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, கற்பூரம். கோயிலுக்குள் நுழைந்ததுபோல இருந்தது. இன்ஜின் சத்தமும் பூனை தூங்குகிற மாதிரி மெத்தென்று இருந்தது. ஆயில் கம்பியை நானே உருவிப் பார்த்தேன். டீ நிறம் இல்லை, நல்ல கெட்டியான கறுப்பு. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சாவி வாங்கும்போது ஜீவரத்தினம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க. முதல்ல அந்தக்கா கையில வாங்கட்டுமுங்க. சுமங்கலி பாருங்க."

 என் பணம், என் வண்டி. ஆனாலும் நகர்ந்து நின்றேன். பாப்பாத்தியக்கா என்னைப் பார்க்காமல் சாவியை வாங்கி, கற்பூரத்தில் காட்டி, அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். திங்கட்கிழமை மீதிப் பணத்தைக் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்.

அர்த்தநாரி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எதற்காக யோசிக்கிறேன்?

டிசம்பர் 13, சனி

உட்கார்ந்து எழுதினால் பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

யார்டில் அன்றைக்குச் சாப்பாடு கொண்டுபோன தூக்குப்போசியை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். இன்று காலை அதை எடுக்கப் போனேன். ஒன்பது மணி தாண்டியிருந்தது. யார்டில் ஈ காக்கை இல்லை. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம், எந்தக் கிறுக்கன் வண்டி வாங்க வருவான்? அதனால் அவர்களும் நிதானமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வெள்ளை வண்டியை இரண்டு ஆட்கள் ஸ்டார்ட் செய்ய மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

செல்ஃப் இழுத்து இழுத்து அழுதது. பிடிக்கவே இல்லை. கடைசியில் தள்ளினார்கள். உறுமிக்கொண்டு பிடித்ததும் சைலன்சரிலிருந்து வந்த நீலப்புகையில் வண்டியே மறைந்துபோனது. பழைய எண்ணெயில் பலகாரம் சுடும்போது வருமே, அதே காந்தல் வாடை. இன்ஜின் உள்ளே கடகடவென்று தட்டியது. ஒருத்தன் டப்பாவிலிருந்து பாகு போலக் கெட்டியான ஆயிலை ஊற்ற ஊற்றச் சத்தம் அடங்கியது. இன்னொருத்தன் சாம்பிராணித் தட்டைத் தயார் செய்துகொண்டிருந்தான். பத்தரைக்கு மேல் இதே வண்டியைப் பார்க்க வேறு யாரோ வருகிறார்களாம்.

எல்லாம் விளங்கிவிட்டது. நல்ல நேரம் என்பது அவர்கள் இன்ஜினைச் சூடுபடுத்தி வைத்துக்கொள்ளும் நேரம். சாம்பிராணி சாமிக்கு இல்லை, என் மூக்குக்கு. கெட்டி ஆயிலைப் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேனே, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஜீவரத்தினத்திடம் அட்வான்ஸைக் கேட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான் என்றார். நான் கத்தவில்லை. கேட்டுக்கு வெளியே போய் நடுவாசலில் நின்றுகொண்டேன்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. பத்தரைக்குப் பார்ட்டி வருதாமே. எதுக்க வந்து நிக்கிறேன். நான் சுமங்கலி இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் முகம் போன போக்கை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ரோட்டில் ஒரு கார் மெதுவாக வந்ததைப் பார்த்ததும் உள்ளே ஓடினார். பணம் வந்தது. தூக்குப்போசியையும் அவரே கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். இத்தனை வருஷம் எத்தனை வாசலில் என்னை ஒதுங்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவையாக அது எனக்கு உபயோகப்பட்டது.

டிசம்பர் 14, ஞாயிறு

ஷெட்டுக்குப் போனேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. முறுக்கு கொஞ்சம் மீந்திருந்தது, கொண்டுபோனேன். (மீந்ததுதான். காலையில் சுட்டது.) நடந்ததைச் சொன்னேன். மாஸ்டருக்காக அவர் சதி செய்வதாக நினைத்ததையும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார். பிறகு, மாஸ்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார், ஏதாவது ஒரு ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிடச் சொன்னார், அதனால்தான் இன்னும் கூர்ந்து பார்த்தேன் என்றார். சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்துவிட்டார். 

அப்புறம் என் திட்டத்தைச் சொன்னேன். இனிமேல் வண்டி பார்ப்பது ராகு காலத்திலும் எமகண்டத்திலும் மட்டும். அதுவும் மார்கழியில். எந்த விற்கிறவனும் அந்த நேரத்தில் ஆள் வரும் என்று எதிர்பார்க்க மாட்டான். இன்ஜின் குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லாது.

அர்த்தநாரி சிரித்தார். இவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே இன்றுதான் தெரிந்தது. பல்வரிசை நன்றாக இருக்கிறது.

டிசம்பர் 17, புதன்

எமகண்டம், காலை ஏழரை. குமாரபாளையம். போனதும் முதல் வேலையாக இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். வெதுவெதுப்பாக இருந்தால் பேச்சே கிடையாது, திரும்பிவிடுவோம். இது குளிர்ந்துதான் இருந்தது. ஸ்டார்ட்டும் ஆயிற்று. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் கொதிக்காமலே முட்டை முட்டையாகக் குமிழி. நானே "வேண்டாமுங்க" என்றுவிட்டேன். அர்த்தநாரி தலையை ஆட்டினார்.

டிசம்பர் 18, வியாழன்

எமகண்டம், ஆறு மணி. பனி. விற்கிறவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, இந்த நேரத்தில் யாராவது வருவார்களா என்று திட்டினார். வண்டி அவரைவிட மோசம். அர்த்தநாரி ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தார். சர்க்கரை அளவு சரியாக இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

டிசம்பர் 20, சனி

ராகு காலத்தில் இரண்டு வண்டி, இரண்டும் எங்கேயோ மோதிச் சட்டம் வளைந்தவை. பாப்பாத்தியக்கா இனி வரமாட்டாளாம். இடுப்பு வலி என்கிறாள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

டிசம்பர் 22, திங்கள்

கிடைத்துவிட்டது. நிதானமாக எழுதுகிறேன்.

மல்லசமுத்திரம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை. ராகு காலம் ஏழரைக்கு, போய்ச் சேரும்போது ஏழே முக்கால். மூடியிருந்த தார்ப்பாயைப் பண்ணைக்காரர் விலக்கியதும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கோழி ஏற்றிய வண்டி. நாற்றம் குடலைப் புரட்டியது. பெயிண்ட் உரிந்து, சீட் கிழிந்து, ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. கல்யாணச் சாப்பாட்டுக்கு, அதுவும் சைவச் சாப்பாட்டுக்கு, இந்த வண்டியா? வாங்க வந்தவர்கள் எல்லோரும் வாசனையிலேயே ஓடிவிட்டார்களாம்.

உள்ளங்கையை வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

அர்த்தநாரி சாவியை என்னிடம் நீட்டினார். "நீங்க போடுங்க."

ஹீட்டர் விளக்கு அணையும் வரை பொறுத்து, ஒரு திருகு. ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. நான் இறங்கிப் பின்னால் ஓடினேன். முதலில் லேசாகக் கொஞ்சம் புகை, அப்புறம் அதுவும் இல்லை. நீலம் இல்லை, கறுப்பு இல்லை. அவர் ஆயில் மூடியைக் கழற்றி, அதையே தலைகீழாக ஓட்டையின்மேல் வைத்தார். கசிவு இருந்தால் மூடி குதிக்குமாம், குதிக்கவில்லை. மெல்ல ஆடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. ரேடியேட்டரில் குமிழி இல்லை. ஆயில் நல்ல கறுப்பு, பாகு போலக் கெட்டியாகவும் இல்லை. ஃபேன் பெல்ட் மட்டும் கீச்சிட்டது. ரோட்டில் ஏற்றிப் பார்த்தோம், மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறியது.  நான் அர்த்தநாரி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது," என்றார்.

அத்தனை வேண்டாமுங்கவுக்கும் சேர்த்து அந்த ஒரு வார்த்தை போதும். கண் கலங்கிவிட்டது. கோழி நாற்றம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பணத்தை நீட்டினால் பண்ணைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ராகு காலத்தில் காசு தொட மாட்டாராம், ஒன்பது அடிக்கட்டும் என்றார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன். ஜீவரத்தினம். ஒன்பதே காலுக்குப் பார்ட்டியோடு வருகிறாராம், வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாமாம்.  இதைவிட்டால் இன்னொரு இன்ஜின் தைக்குள் கிடைக்காது. அர்த்தநாரி வாட்சைப் பார்த்தார். நான் பண்ணைக்காரரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

சாணி கரைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கையைக் கழுவிவிட்டு வந்தார். புருஷனை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்ம கல்யாணம் நல்ல முகூர்த்தத்துலதான் நடந்துச்சு. என்னத்தக் கண்டேன்? இங்க குடுங்க கண்ணு." பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். சாவியை என் கையில் வைத்தார். நேராக என் கையில்.

வீடு வரைக்கும் நானே ஓட்டி வந்தேன். தெருநாய்கள் எல்லாம் வாசனைக்குப் பின்னாலேயே ஓடிவந்தன.

டிசம்பர் 27, சனி

சீயக்காய், புளிக்கரைசல், மஞ்சள், வேப்பிலை, கடைசியில் ஒரு கூடை எலுமிச்சை. ஆறு நாளாகத் தேய்க்கிறோம். இப்போது வண்டியில் ரசம் வாசனை வருகிறது. பாப்பாத்தியக்காவின் இடுப்பு வலி போய்விட்டது.

ஜனவரி 5, திங்கள்

புது டைரி. மளிகைக் கடைக்காரர் பொங்கலுக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டார். வண்டிக்காரிக்கு மரியாதை அதிகம்.

அர்த்தநாரி ஷெட்டில் வேலை நடக்கிறது. ஃபேன் பெல்ட், ஹீட்டர் பிளக், டைமிங் பெல்ட், எல்லாம் புதுசு. மத்தியானம் சாப்பாடு கொண்டுபோகிறேன், வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமில்லையா. முருங்கைக்காய்ச் சாம்பார் பிடிக்கும் போலிருக்கிறது. பீர்க்கங்காய் பிடிக்காது, ஆனால் சொல்ல மாட்டார், தட்டோரத்தில் ஒளித்து வைப்பார். அவருடைய கிழிந்த சட்டையைத் தைத்துத் தர வாங்கி வந்தேன், பார்க்கச் சகிக்கவில்லை.

ஜனவரி 12, திங்கள்

பெயிண்டர் பின் கதவில் என்ன எழுதட்டும் என்று கேட்டான். குலதெய்வம் பெயரா, பிள்ளைகள் பெயரா என்றான். தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்றான். கதவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு என்றேன்.

பூங்கோதை, சமையல் மாஸ்டர்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப்பொங்கல். மாடு இல்லாததால் வண்டியைக் குளிப்பாட்டினேன்.

அர்த்தநாரி ஒரு செய்தி சொன்னார். குப்பண்ணன் மாஸ்டர் நேற்று, தை முதல் நாள், நல்ல நேரத்தில் மாலை போட்டு மேளம் வைத்துச் சொந்தமாக ஒரு வண்டி எடுத்திருக்கிறார். நான் வாங்கிவிட்டேனே என்ற ரோஷம். யாரிடம்? ஜீவரத்தினத்திடம். வெள்ளைப் பிக்கப், சந்தனப் பொட்டு.

வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. போன் செய்து சொல்லிவிடலாம் என்று எடுத்தேன், அவர் என் எண்ணைப் பார்த்துவிட்டுக் கட் செய்தார். இரண்டு தடவை. சரி, போ.

ஜனவரி 27, செவ்வாய்

நாளைக்குக் கல்யாணம். மண்டபத்துச் சமையல் கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ராத்திரிப் பந்தி முடிந்தது. பாப்பாத்தியக்கா காய் நறுக்கும் பெண்களை அதட்டிக்கொண்டிருக்கிறாள். கால் வலிக்கிறது, ஆனால் எழுதாமல் தூக்கம் வராது.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்புவதாக இருந்தோம். சிலிண்டர் வரத் தாமதமாகி மூன்று தாண்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை மூன்று மணி என்றால் என்ன என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். நாலரை வரை பொறுக்கலாமா என்று ஒரு பெண் கேட்டாள். வண்டி வாங்கியதே அந்த நேரத்தில்தான், ஏறு என்றேன். அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை, பத்துப் பெண்கள். மேலே தார்ப்பாய் கட்டிக் கிளம்பினோம்.

சங்ககிரி ரோட்டு மேட்டில் வெள்ளை வண்டி ஒன்று நட்டநடு ஏற்றத்தில் நின்றிருந்தது. இன்ஜின் மூடி திறந்து, புகை ஆளை மறைத்தது. பக்கத்தில் குப்பண்ணன் மாஸ்டர், தோளில் துண்டு, கையில் காலி தண்ணீர் பாட்டில். அவருக்கும் நாளைக்கு எங்கள் மண்டபத்துக்கு அடுத்த மண்டபத்தில் கல்யாணம். வாடகை வண்டிக்காரர்களுக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறார். முகூர்த்த நாள், எல்லோரும் எங்கெங்கேயோ போய்விட்டார்கள்.

நிறுத்தினேன். பாப்பாத்தியக்கா என் கையைக் கிள்ளினாள். "போ கண்ணு. நிக்காத."

எனக்கும் போகத்தான் ஆசை. ஹாரனை நீளமாக அடித்துவிட்டுப் போகலாம் என்று மனசு துள்ளியது. ஆனால் ராத்திரி அந்த மண்டபத்தில் பந்தியில் உட்காரப்போகிறவர்கள் எனக்கு என்ன செய்தார்கள்? இலை போட்டுவிட்டுச் சோறு வராத பந்தியை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பார்க்க முடியாது.

இறங்கி, அண்டா கட்டும் தடிக் கயிற்றை எடுத்தேன்.   அவர் வண்டியின் முன்பக்கத்தையும் என் வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்துக் கட்டினேன். டிரைவர் முதலிலேயே பஸ் ஏறி ஓடிவிட்டதால் ஸ்டியரிங்கில் மாஸ்டரே உட்கார வேண்டியிருந்தது.

"இழுக்குமா?" என்றார். அது ஒன்றுதான் கேட்டார்.

எனக்கே தெரியாது. என் சுமையே அதிகம், அதோடு இன்னொரு முழு வண்டி, மேடு வேறு. முதல் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டேன். கயிறு விறைத்தது. வண்டி ஒரு நிமிஷம் அசையவில்லை, இன்ஜின் குரல் மட்டும் கனத்தது. அந்த ஒரு நிமிஷத்தில் என் வீட்டுக்காரரின் பணம், மாஸ்டரின் வெங்காயம், அர்த்தநாரியின் "இது" எல்லாம் என் காலடியில் இருந்தன. அப்புறம் நகர்ந்தது. மெல்ல, ஆனால் நிற்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன், புகை இல்லை. பின்னால் பத்துப் பெண்களும் குலவை போட ஆரம்பித்தார்கள். நான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன். ரோட்டில் போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

உச்சிக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. கயிறு சின்னது. அவர் கண்ணுக்கு நேரே என் பின்கதவு. கதவு அளவுக்கு எழுத்து. சங்ககிரி வரைக்கும் மாஸ்டர் அதைப் படித்துக்கொண்டேதான் வந்திருக்க வேண்டும்.

மண்டபத்து வாசலில் கயிற்றை அவிழ்க்கும்போது பக்கத்தில் வந்து நின்றார். "நல்ல நேரம் பார்த்துத்தான் வாங்குனேன் பூங்கோதை," என்றார்.  வந்தபோது இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது. அர்த்தநாரியின் நம்பரைக் கொடுத்தேன்.

ஜனவரி 28, புதன்

பந்தி மேல் பந்தி. சாம்பார் கடைசி இலை வரைக்கும் வந்தது, பாயசம் பற்றாமல் மறுபடியும் வைத்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா சமையல் கட்டு வாசலில் வந்து நின்று, "மாஸ்டர் யாருங்க?" என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள்.

"நாந்தானுங்க," என்றேன். பங்குனியில் அவர் வீட்டுக் கல்யாணமும் எனக்கு.

தாலி கட்டும் நேரத்தில் நான் வழக்கம்போல உள்ளேயே இருந்தேன். தறிக்காரர் மனைவி ஆள் அனுப்பி மேடைக்குக் கூப்பிட்டு, என் கையிலும் அட்சதை கொடுத்தார். போட்டேன். 

ஜனவரி 31, சனி

ஆயில் மாற்ற ஷெட்டுக்குப் போனேன். வெள்ளை வண்டி இன்ஜின் மொத்தமும் பிரித்துத் தரையில் கிடந்தது. அர்த்தநாரி என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், எங்கேயும் வேலை இல்லை என்று தெரிந்தும். நான் கொண்டுபோன தூக்குப்போசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"திங்கக்கிழம உங்க வீட்டுக்கு வரட்டுங்களா? ஒரு சமாச்சாரம் பேசோணும்."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"காலையில ஏழரைக்கு மேலங்க. ஒம்பதுக்குள்ள." செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். புதுச் செருப்பு.

திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது. காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. பாப்பாத்தியக்கா வண்டிக்குள் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"வாங்க," என்றேன்.

சட்டைப் பையைத் தைத்து வைத்திருக்கிறேன், வந்தால் கொடுக்க வேண்டும். வேறு எந்த ஏற்பாடும் செய்யப்போவதில்லை. தலைக்குப் பூ இல்லை, சாம்பிராணி இல்லை. அடுப்பைக்கூட அவர் வந்த பிறகுதான் பற்றவைப்பேன்.